கூனி ஓயாப் பாலத்தில் விழுந்தவர்கள்

ஐம்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம், கூனி ஓயா என்ற ஆற்றின் புதுப் பாலத்தைத் திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ரிப்பனை வெட்டி, கைதட்டல் ஓயுமுன் நாலெட்டு நடந்து, பாலத்தின் வழியாக ஆற்றில் விழுந்தார். பாலம் உடையவில்லை. ஒரு கல்கூட அசையவில்லை. பனிமூட்டத்துக்குள் இறங்குவது போல அவர் கருங்கல்லுக்குள் இறங்கி, அடிப்பக்கம் வெளிப்பட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்து மாலையோடு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் வந்தவர்கள், மேலதிகாரி கீழே இருக்கும்போது தாங்கள் மேலே நிற்பது முறையல்ல என்று நினைத்தவர்களைப் போல, பதவி வரிசை பிசகாமல் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். கூனிமலைத் தோட்டத்துத் துரை விழுந்தார். கட்டட ஒப்பந்தக்காரர் பொன்னையா குடையோடு விழுந்தார். வரிசையின் வாலில் நின்ற ஆஸ்பத்திரி மருந்தாளர் இராமையாவும் விழுந்தார். அந்த நேரம் சர்பத்துக் கிளாஸ்களை அடுக்கிய தட்டோடு பாலத்தின் நடுவில் நின்றிருந்த மீனம்மா என்ற தேயிலைக் கொழுந்துக்காரி, ஒரு சொட்டும் சிந்தாமல் அக்கரைக்கு நடந்து போய், படிக்கட்டு வழியாக ஆற்றில் இறங்கி, நின்றவர்களுக்கு நின்ற இடத்திலேயே சர்பத்துக் கொடுத்தாள்.

கூனிமலை வட்டவளைக்கு மேலே, மழை வருஷம் முழுக்கக் குடியிருக்கும் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம். கடைவீதி, ஆஸ்பத்திரி, ரயிலுக்குப் போகும் ரோடு எல்லாம் அந்தப் பக்கம். இடையில் ஒரு மரத்துண்டு கிடந்தது. நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்தது. அந்த வருஷமே வந்த ஒரு சட்டம், கூனிமலையில் பிறந்து கூனிமலையிலேயே கொழுந்து பறித்த சனங்களை எந்த நாட்டையும் சேராதவர்களாக ஆக்கியது. தேயிலைச் செடிகளைப் பற்றி அப்படி எந்தச் சட்டமும் வரவில்லை. ஐம்பதாம் ஆண்டு ஆனி மாத வெள்ளத்தில், மகள் நாகலெட்சுமியின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய அழகன், அதாவது மீனம்மாவின் புருஷன், மரத்தில் பாதி வரும்போது மரத்தோடு சேர்ந்து ஆற்றில் போனான். தோட்டத்து நிருவாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. வேறொரு மரம் போட்டார்கள்.

பாலம் வேண்டுமென்று மீனம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதால் பாலம் வரவில்லை. ஆசியாவில் வேலையில்லாதவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று, வேலையில்லாதவர்கள் குறைவாக இருந்த சில நாடுகள் ஒன்றுகூடிக் கவலைப்பட்டதால் வந்தது. ரோடு, பாலம், கால்வாய் எதைக் கட்டினாலும் இயந்திரம் கூடாது, ஆள்கையாலேயே கட்ட வேண்டும், அப்போதுதான் ஊராருக்கு வேலையும் ஊருக்குப் பாலமும் ஒரே செலவில் கிடைக்கும் என்பது அவர்களுடைய யோசனை. அதை நடத்திக் காட்ட, குளிர் தேசமொன்றிலிருந்து லிண்ட்கிரேன் என்ற நிபுணர் வந்தார். சனங்கள் அவரை லிங்கத் தொரை என்றார்கள். நல்ல மனிதர். காலையில் வந்து, ஆற்றங்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, வேர்வையின் அருமையைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுவார். முதல் நாள் தானே ஒரு கல்லைத் தூக்கிக் கொஞ்ச தூரம் நடந்து காட்டினார். படம் எடுத்து முடிந்ததும் கல்லை அங்கேயே வைத்துவிட்டார்.

திட்டத்தில் ஒரேயொரு விதி இருந்தது: ஊர்வாசிகளுக்கு மட்டுமே வேலை. ஊர்வாசி என்றால் நாட்டின் பிரஜை. லயத்துச் சனங்கள் மூன்று தலைமுறையாக அங்கே இருந்தாலும் பிரஜைகள் இல்லை என்பதால் அங்கே இல்லை. கீழே சிங்களக் கிராமத்தில் இருந்தவர்கள் பிரஜைகள். ஆனால் அவர்கள் காதுக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை, சேராதபடி பொன்னையா பார்த்துக்கொண்டார். அவர் ஊசி முனையில் வீடு கட்டி வாடகைக்கும் விடக்கூடிய ஆள். கிராமத்துக்காரர்களின் பெயர்களையும் லயத்துக்காரர்களின் உடம்புகளையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். கூலி பெயருக்கு வந்தது. உடம்புக்குக் கொஞ்சம் போனது. மிச்சம் பொன்னையாவிடம் தங்கியது. காலையில் பெயர் கூப்பிடும்போது சோலைமலை என்ற இளவட்டம் “கிரி பண்டா” என்றதற்குக் கை தூக்குவான். மீனம்மா பொடி மெனிக்கே ஆனாள். பதினைந்து வயது நாகலெட்சுமி, கிராமத்தில் பல்லில்லாமல் படுத்திருந்த ஒரு கிழவியானாள்.

ஒருநாள் உண்மையான பொடி மெனிக்கே வந்து சேர்ந்தாள். பலாக்காய் விற்கக் கடைவீதிக்குப் போனவளிடம், வேலை எப்படிப் போகிறது என்று யாரோ விசாரித்திருக்கிறார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே கல்லுக்குழிக்கு வந்தாள்.

“அனே, இங்க பொடி மெனிக்கே யாரு?”

“நாந்தான்” என்றாள் மீனம்மா, கல்லில் கை வைத்தபடி.

“அப்ப நான் யாரு?”

மீனம்மா நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களும் நாந்தான். ஒரு கை குடுங்க, கல்லு கனமா இருக்கு.”

பொடி மெனிக்கே வாயில் வந்த வசவை விழுங்கிவிட்டு மறுபக்கம் பிடித்தாள். தன் பெயர் இப்படிக் கஷ்டப்படும்போது தான் சும்மா நிற்பது சரியில்லை என்று சொல்லி, பொழுது சாயும்வரை கூடவே சுமந்தாள். நிழலில் உட்கார்ந்திருந்த பொன்னையா பார்க்காதது போல இருந்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் வேலை செய்வது அவருக்கு நட்டமில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டு பொடி மெனிக்கேகளும் சிநேகிதிகள்.

இப்படித்தான் பாலம் எழுந்தது, இப்படித்தான் திறப்பு விழாவும் நடந்தது. அன்று வரிசையில் சேராமல் கடைசியாக நடந்தவர் லிங்கத் தொரை. முன்னால் போனவர்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும், விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவராதலால் நடந்தார். பாலம் அவரைப் பாதி தூரம் தாங்கியது. அதற்குப் பிறகு தாங்கவில்லை.

பொறியியலாளர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள். பாலத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆடு விட்டுப் பார்த்தார்கள்; ஆடு போனது. லயத்துச் சனங்கள் காலையும் மாலையும் போனார்கள், வந்தார்கள்; இடுப்புப் பிள்ளைகளைப் பாலம் தாயின் உடம்பாகவே எடுத்துக்கொண்டது. ஜீப்பை ஓட்டிப் பார்த்தார்கள். ஜீப் அக்கரை போய் மண்மேட்டில் முட்டி நின்றது; அதில் ஏறியவர்கள் ஆற்றில் இருந்தார்கள். துரை கொஞ்சம் யோசித்து, நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேரைத் தூக்கச் சொன்னார். நாலு பேரும் வெறும் நாற்காலியோடு மறுகரையில் நின்று, அடுத்த உத்தரவுக்காக ஆற்றை எட்டிப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் ஆராய வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. ஹட்டனில் நல்ல விடுதியில் தங்கி, மழை விட்ட நேரங்களில் வந்து பார்த்து, பாலம் சிறந்த பாலம், அதைப் பயன்படுத்துவோருக்குத்தான் போதிய பயிற்சி இல்லை என்று முடிவு சொன்னது. அதன்படி ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்டு, பாலம் கடக்கும் பயிற்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. கரும்பலகை வந்தது, விசில் வந்தது, ரப்பர் சப்பாத்துகள் பெட்டி பெட்டியாக வந்தன. பயிற்சி தொழிலாளர்களுக்கே என்று திட்டத்தில் இருந்ததால், தினமும் கடந்துகொண்டிருந்தவர்களை உட்கார வைத்து, கடப்பது எப்படி என்று விழுந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பயிற்சியின் முடிவில் கிராமத்துப் பெயர்களுக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். பொடி மெனிக்கே தன்னுடையதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். வீட்டுச் சுவரில் ஒழுகும் ஓட்டையை மறைக்க அது அளவாக இருந்தது.

இவ்வளவும் சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்தது, ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம் வரைக்கும். நாகலெட்சுமி அதற்குள் சோலைமலைக்கு வாழ்க்கைப்பட்டு, நிறைமாதமாக இருந்தாள். விடாமல் பெய்த மழையில், பாலம் விடாதவர்கள் மலையைச் சுற்றி லயத்துக்கு வரும் ரோட்டின் மேல் மண் சரிந்து விழுந்தது. மறுநாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. மத்தியானம் பிள்ளையின் கால் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த லயத்து மருத்துவச்சி கையை உதறிக்கொண்டு எழுந்து, இது தன்னால் ஆகாது, தூக்கிக்கொண்டு போக அசைத்தாலும் ரத்தம் போய்விடும், டொக்டரய்யாவைத்தான் கூட்டிவர வேண்டும் என்றாள். டொக்டரய்யா என்று எல்லோரும் கூப்பிட்டது மருந்தாளர் இராமையாவைத்தான். வேறு டொக்டர் அந்தப் பக்கத்தில் கிடையாது.

மீனம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஓடினாள். ஆறு பாலத்தின் வளைவைத் தொட்டுக்கொண்டு மண் நிறத்தில் போனது. விஷயத்தைக் கேட்டு இராமையா பையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். ரோடு மூடிவிட்டது என்று கேட்டதும் பையைக் கீழே வைத்தார்.

“நான் விழுந்தவன் மீனம்மா. அன்னைக்கித் தண்ணி இடுப்பளவு. இன்னைக்கி விழுந்தா என்னைய வட்டவளைக்குக் கீழதான் தேடணும். அந்தப் பாலத்து மேல எனக்கு நம்பிக்கை இல்ல.”

“பாலத்துக்கும் ஒங்க மேல நம்பிக்கை இல்லீங்க ஐயா. அதுதான் சங்கடம்.”

அவர் கெட்டவர் இல்லை. தோட்டத்தில் அவர் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. ஆனால் பயத்தில் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. மழைக்கு ஒதுங்கி அங்கே நின்றிருந்த பொடி மெனிக்கேதான் பேசினாள். “நா ஒரே ஒரு நாள் கல்லு தூக்கினது. என்னைய பாலம் விடுது. பொன்னையா முதலாளி வருஷமெல்லாம் நெழல்ல குந்தினது. அவர விடல்ல. ஐயா ஒரு கல்லு தூக்கிப் பாருங்களேன்.”

மீனம்மா அவளைப் பார்த்தாள். மூன்று வருஷமாக யாரும் இதை யோசிக்கவில்லை. பொறியியலாளர்கள் யோசிக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. கடந்து போனவர்களும் யோசிக்கவில்லை, தங்களுக்குக் கடக்க முடிவதால்.

கல்லுக்குழி பக்கத்திலேயே இருந்தது. இராமையா தேங்காய் அளவில் ஒரு கல்லை எடுத்துவந்து பாலத்தின் ஓரச்சுவரில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார். முழங்கால்வரை கல்லுக்குள் இறங்கி நின்றது. இரண்டு பேரும் அவரை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

“இன்னும் பெருசு கேக்குது ஐயா” என்றாள் மீனம்மா.

அவர் திரும்பப் போனார். இந்த முறை எடுத்தது நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டிய கல். சேற்றில் சறுக்கினார், விழுந்தார், கல் விரலில் விழுந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியவரைப் போல அழுதார். “நான் படிச்சவன்டி. நான் இதுக்கா படிச்சேன்?” மீனம்மா கல்லைத் தூக்கப் போனாள். பொடி மெனிக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ தூக்கினா அது ஒன்னோட கல்லு.”

ஆற்றின் இரைச்சலுக்கு மேலே, அக்கரையிலிருந்து சோலைமலை கூப்பிடுவது கேட்டது. என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. மீனம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சேற்றில் குந்தி, இராமையாவின் முகத்துக்கு நேரே மெதுவாகச் சொன்னாள்: “அவ அப்பன் அவளுக்கு மருந்து வாங்க வந்துதான் ஆத்தோட போனாரு. அந்த மருந்து ஒங்க கையால குடுத்தது ஐயா. நீங்க குடுத்தீங்க, அது வந்து சேரல. இன்னைக்கிச் சேரணும்.”

இராமையா எழுந்தார். எப்படித் தூக்கினார் என்று பின்னால் கேட்டபோது அவருக்கே தெரியவில்லை. ஓரச்சுவரில் கல்லை வைத்தபோது உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. மீனம்மா பையைத் தலையில் வைத்து முன்னால் நடந்தாள். அவர் அவளுடைய கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். பாலம் கல்லாகவே இருந்தது. நடுவில் வந்ததும் அவர் ஒரு கண்ணைத் திறந்து கீழே பார்த்து, உடனே மூடிக்கொண்டார். பொழுது இறங்குமுன் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். குழந்தைக்கு ராக்காயி என்று பெயர் வைத்தார்கள். இராமையா அன்றைக்குச் சாப்பிடும்போது கை எரிகிறது என்று சொல்லி, கூடவே வந்திருந்த பொடி மெனிக்கே பிசைந்து கொடுத்ததைச் சாப்பிட்டார்.

விஷயம் பரவியது. கடைவீதியில் அரிசி மண்டி வைத்திருந்த மர்சூக் நானா, லயத்துப் பக்கம் வியாபாரத்தை விரிக்க ஆசைப்பட்டு, தன் பேரில் ஒரு கல் வைக்கும்படி கூலியாளை அனுப்பினார். பாலம் அவருடைய அரிசி மூட்டையை ஏற்றுக்கொண்டு அவரைக் கீழே விட்டது. மறுநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சுமந்தார். அவர் மனைவி ஜெமீலா அவருடையதைவிடப் பெரிய கல்லாக வைத்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டினாள். துரை கையுறை போட்டுக்கொண்டு தூக்கினார். பாலம் அவரைப் போக விட்டு, சப்பாத்துகளை மட்டும் வைத்துக்கொண்டது. பொன்னையா மட்டும் கடைசிவரை சுமக்கவில்லை. காகிதத்தில் கல் செய்து சாயம் பூசிக் கொண்டுவந்தார் ஒருமுறை. பாலம் அவரைக் கொஞ்சம் பலமாகவே போட்டது. அதற்குப் பிறகு அவர் சுற்று ரோட்டில்தான் போய்வந்தார்.

நாளடைவில் புதிதாக வரும் கணக்கப்பிள்ளை, போஸ்ட்மேன், பஸ் டிரைவர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எல்லோரும் முதலில் கல்லுக்குழிக்குப் போய்விட்டு வந்தார்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளைகளின் கையில் கூழாங்கல்லைக் கொடுத்து வைக்கச் சொல்வது வழக்கமானது. ஓரச்சுவர் உயர்ந்துகொண்டே போய், அக்கரை தெரிய வேண்டுமானால் எம்பிப் பார்க்க வேண்டியிருந்தது. லிங்கத் தொரையின் ஆட்கள் மறுபடி வந்து பார்த்து, இதற்குமுன் வேலையே காணப்படாத வகுப்பினரிடையேயும் இந்தத் திட்டம் வேலை வாய்ப்பை உருவாக்கியுள்ளது என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அது உண்மைதான்.

அறுபத்து நாலு ஐப்பசியில், இந்தச் சனங்கள் யாருக்கு எவ்வளவு என்று இரண்டு நாடுகளும் பேசிப் பிரித்துக்கொண்டன. அடுத்த வருஷம் இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தவர்கள் புறப்படத் தொடங்கினார்கள். சோலைமலையின் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. மீனம்மா எந்த நாட்டுப் பிரஜை என்பது இன்னும் விசாரணையில் இருந்தது. அவளிடம் பிறந்த இடத்தைக் கேட்டார்கள். மலையைக் காட்டினாள். மலை சாட்சி சொல்ல முடியாது என்றார்கள்.

புறப்படும் அன்று காலை எல்லோருமாகப் பாலத்தைக் கடந்து பஸ்ஸுக்கு வந்தார்கள். நாகலெட்சுமி தகரப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நின்றாள். ராக்காயி பஸ் ஜன்னலில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தாள்.

“அங்கயும் பாலம் கீலம் கட்டுவாங்கம்மா. வேலை கெடைக்கும்” என்றாள் நாகலெட்சுமி, அழாமல் இருப்பதற்காக. பிறகு, “எந்தப் பேருல வேலைக்கு நிக்கிறதுன்னுதான் தெரியல” என்றாள்.

“ஓம் பேருலயே நில்லு” என்றாள் மீனம்மா. “மொதல்ல அதக் கேட்டுப் பாரு.”

பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும், பாலத்திலிருந்து நாகலெட்சுமியும் சோலைமலையும் சுமந்த கற்கள் போய்விட்டன. சத்தம் எதுவும் இல்லை. மேலே இருந்த கல் மேலேயே நின்றது, கீழே இருந்தது கீழேயே நின்றது. இடையில் ஓட்டை, ஓட்டையில் ஆறு. மீனம்மா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடுவில் இருந்த பெரிய ஓட்டையில் காலை வைத்தாள். கால் நின்றது. மகள் எந்தக் கல்லை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அதனால் எல்லா ஓட்டையிலும் ஒருமுறை நின்றுவிட்டு லயத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கற்களும் கூடவே போயின. கொழும்பிலிருந்து பார்க்க வந்தவர்கள், முதலில் ஆளுக்கொரு கல்லைச் சுமந்து வைத்துவிட்டு, நடந்து பார்த்து, பாலத்தில் இப்போது நல்ல காற்றோட்டம் இருக்கிறது என்றார்கள். வெளிநாட்டார் அந்தப் பகுதிக்கு இன்னொரு பாலம் தருவதாகச் சொன்னார்கள். கட்ட ஆள் இல்லை என்று பதில் போனது.

வட்டவளை பஸ் இன்றும் அந்த வழியாகத்தான் போகிறது. கல் இருக்கிற இடத்தில் சக்கரத்தின் சத்தம் கேட்கும், இல்லாத இடத்தில் கேட்காது. கடைவீதியிலிருந்து திரும்பும் மீனம்மாவும் பொடி மெனிக்கேயும் ஓரமாக ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கி நடப்பார்கள்.